பழைய காருக்கு ஆஃப்டர்மார்க்கெட் ஸ்பேர்: எதை நம்பி வாங்கலாம்?

வெள்ளைச்செடான்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2003 மாடல் பெட்ரோல் செடான். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது, பாடியில் துரு இல்லை, விற்கும் எண்ணமும் இல்லை. சிக்கல் ஸ்பேரில்தான். இந்த மாடலுக்கான பாகங்களைக் கார் கம்பெனி ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருகிறது. இந்த முறை சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் எழுதிக் கொடுத்த பட்டியல்: முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) இரண்டு, முன் வீல் பேரிங், பிரேக் டிஸ்க், பிரேக் பேட், ரேடியேட்டர் ஹோஸ், டைமிங் பெல்ட் செட். இதில் கம்பெனி பெட்டியில் கிடைப்பது பெல்ட் மட்டும். நான் வெளியே வாங்கி வரும் பாகத்துக்குக் கியாரண்டி தர மாட்டேன் என்றும் மெக்கானிக் சொல்லிவிட்டார்.

மற்றதை எல்லாம் ஆஃப்டர்மார்க்கெட்டில், அதாவது கார் கம்பெனி அல்லாத மற்றவர்கள் தங்கள் பெயரில் விற்பதில், வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் ஒரு லோயர் ஆர்முக்கே எத்தனையோ பிராண்ட் வருகிறது. விலை மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். படத்தில் எல்லாமே ஒரே மாதிரி கறுப்பாகத்தான் இருக்கின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது? விலை கூடினதை வாங்கு என்பது மட்டும் பதிலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கவுன்டர்_ஆள்:

ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் நிற்பவன் நான். தினமும் கேட்கிற கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் காரில் இருக்கும் பேரிங், கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஸ்பார்க் பிளக், சென்சார், பெல்ட் இவற்றில் பெரும்பாலானதைக் கார் கம்பெனி தன் ஆலையில் செய்வதே இல்லை. பாஷ், டென்சோ, வேலியோ, மாலே, எஸ்கேஎஃப், என்எஸ்கே, டிம்கன், கேட்ஸ், ஐசின், சாக்ஸ், கேஒய்பி போன்றவர்களிடம் வாங்கி மாட்டுகிறது. அதே பாகம் கார் கம்பெனி பெட்டியில் வந்தால் ஒரு விலை, செய்தவன் பெட்டியில் வந்தால் வேறு விலை. சில பாகங்களில் கார் கம்பெனியின் சின்னம் இருந்த இடத்தை மட்டும் அரைத்து எடுத்திருப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அந்தத் தழும்பு தெரியும். நீங்கள் தேட வேண்டியது இந்தச் சரக்கைத்தான்: உங்கள் மாடலுக்கு முதலில் செய்து கொடுத்தவன் யார், அவன் தன் பெயரில் இன்னும் விற்கிறானா?

அது கிடைக்காவிட்டால் அடுத்தபடி, வேறு கார்களுக்கு ஆலையிலேயே மாட்டுவதற்குச் செய்து கொடுக்கும் தரமான கம்பெனி ஒன்று உங்கள் மாடலுக்கும் தனியாகச் செய்திருக்கலாம். அதுவும் பெரும்பாலும் நம்பலாம். அதற்கும் கீழே இருப்பவை வெறும் பெட்டி பிராண்டுகள். இவர்களுக்கு ஆலை கிடையாது. இந்த மாதம் ஒரு ஆலையிலிருந்து வாங்கி அடைப்பார்கள், அடுத்த மாதம் இன்னொரு ஆலை. போன வருடம் நண்பருக்கு நன்றாக ஓடியது என்பதால் இந்த வருடம் வாங்குவதும் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. விலை குறைவுக்குக் காரணம் இதுதான்.

கடைசியாகப் போலி. மலிவு சரக்கு வேறு, போலி வேறு. மலிவு சரக்கில் அதை விற்பவனின் சொந்தப் பெயராவது இருக்கும். போலியில் இருப்பது நல்ல கம்பெனியின் பெயர், உள்ளே யாரோ செய்த பாகம். அசல் பிராண்ட் வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அங்கே நின்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஒரே பிராண்டிலேயே இரண்டு மூன்று தரம் வைத்து விற்கிறார்கள். நல்ல பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு அதன் கடைசித் தரத்தை வாங்கிவிடாதீர்கள்.

ஸ்பேனர்செட்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பிராண்டுக்கு முன்னால் நம்பர். தவறான பாகம் வீட்டுக்கு வருவதற்கு முதல் காரணம், கார் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்குவது. ஒரே வருடத்தில் ஒரே மாடலில் இரண்டு அளவு பிரேக் டிஸ்க் இருக்கும். ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ளதற்கு ஒரு பேரிங், இல்லாததற்கு ஒன்று. ஆண்டு நடுவில் சப்ளையரை மாற்றியிருப்பார்கள்.

சேசிஸ் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1981க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் 17 இலக்கம் இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக விட்டுவிட்டார்கள். எழுதி அனுப்பும்போது பலர் பூஜ்யத்தை ஓ என்று எழுதிவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். இந்த நம்பரைப் போட்டு கம்பெனியின் பாகப் பட்டியலில் பார்த்தால் உங்கள் வண்டிக்கே உரிய பார்ட் நம்பர் கிடைக்கும். அந்த நம்பர் நிறுத்தப்பட்டிருந்தால் அதற்குப் பதிலாக வந்த புது நம்பரும் அங்கேயே இருக்கும். "கிடைக்கவில்லை" என்று கடைக்காரர் கைவிரிக்கும் பாதிப் பாகங்கள் உண்மையில் நம்பர் மாறியவை.

அதன் பிறகு அந்தக் கம்பெனி நம்பரை வைத்து ஆஃப்டர்மார்க்கெட் நம்பர்களைத் தேடுங்கள். எல்லா நல்ல பிராண்டும் தன் இணைய கேட்டலாக்கில் இந்த ஒப்பீட்டைக் கொடுக்கிறது. இரண்டு மூன்று பிராண்டுகளின் கேட்டலாக்கில் அளவுகளை ஒத்துப் பாருங்கள். டிஸ்க்கின் விட்டம், தடிமன், உயரம், துளை எண்ணிக்கை எல்லாம் போட்டிருப்பார்கள். ஒன்று மட்டும் மாறி நின்றால் அதை விசாரிக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

தூரப்பயணி:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பழைய காராக இருந்தாலும் கம்பெனி பெட்டியில் வருவதைத்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. கிடைக்கவில்லை என்றால் பழைய ஸ்டாக் வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிக்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவனுக்கு, லோயர் ஆர்மில் சோதனை செய்து பார்க்க மனம் வராது. ஆர்மைச் சக்கரத்தோடு பிணைக்கும் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அதை எந்த கேட்டலாக்கும் காப்பாற்றாது.

பட்டறை_சீனியர்:

தம்பி, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பழைய ஸ்டாக் என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரப்பருக்குப் பெட்டியில் இருந்தாலும் வயதாகும். பத்துப் பதினைந்து வருடமாக அலமாரியில் கிடந்த புஷ் (ஆர்ம் போன்ற பாகங்களின் இணைப்பில் வரும் ரப்பர் வளையம்), ஹோஸ், பெல்ட், பிரேக் சிலிண்டர் கிட் இவற்றைக் கம்பெனி லேபிள் இருக்கிறது என்பதற்காக நான் மாட்ட மாட்டேன். பிரித்துப் பார்த்தால் புதுசு மாதிரிதான் இருக்கும். மாட்டி ஓட்டிச் சூடேறினதும் விரிசல் விடும். அந்த வகையில் இன்று செய்த நல்ல ஆஃப்டர்மார்க்கெட் ஹோஸ், அன்று செய்த கம்பெனி ஹோஸைவிட மேல்.

டயரில் மட்டும்தான் தேதியைப் பார்க்க எல்லோருக்கும் தெரிகிறது. 2000க்குப் பிறகு வந்த டயரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டைமிங் பெல்ட்டிலும் பல ஹோஸ்களிலும் இப்படித் தேதிக் குறிப்பு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பழைய ஸ்டாக்கில் தைரியமாக வாங்கக்கூடியவை உலோகமும் கண்ணாடியும். கியர், லாக், ஹெட்லைட் கண்ணாடி, கதவுக் கைப்பிடி. இவற்றுக்குத் தேடி அலைவது தகும்.

அளவுக்காரன்:

இழையில் இன்னும் யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் காரில் இருக்கும் பல பாகங்களுக்குக் கார் பெயரே தேவையில்லை. அவை உலகம் முழுக்க ஒரே அளவில் செய்யப்படும் பொது பாகங்கள். கார் கம்பெனி அவற்றுக்குத் தன் நம்பரை ஒட்டி விற்கிறது, அவ்வளவுதான். ஆல்டர்னேட்டர் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றித் துடைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் 6203 என்பது போல எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதேதான். 6303 என்றால் அதே 17 உள்விட்டம், ஆனால் வெளிவிட்டம் 47, அகலம் 14. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. சி3 என்று இருந்தால் உள் இடைவெளி சற்று அதிகம், சூடேறும் இடத்துக்கானது. இந்தப் பின்னொட்டை விட்டுவிட்டு வாங்காதீர்கள், சி3 இருந்த இடத்தில் சாதா பேரிங் போட்டால் சூட்டில் இறுகும். கார் ஸ்பேர் கடையில் "உங்கள் மாடலுக்கு வரவில்லை" என்று சொன்ன பேரிங், தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடையில் அலமாரி நிறைய இருக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியிலும் பெரும்பாலும் இதே கதைதான், உள்ளே இருக்கும் பேரிங்கை மட்டும் பிரஸ்ஸில் தட்டி மாற்ற முடிகிற வகையாக இருந்தால்.

ஃபேன் பெல்ட்டும் இப்படித்தான். 6பிகே1045 என்றால் ஆறு வரி, நீளம் 1045 மில்லிமீட்டர். பெல்ட் முதுகில் எழுத்து அழிந்து போயிருந்தால் வரியை எண்ணி, நூலைச் சுற்றி நீளத்தை அளக்கலாம். ஆனால் வெடித்துத் தளர்ந்த பழைய பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சீலில் மூன்று எண் இருக்கும்: 35, 50, 8 என்பது போல. தண்டின் விட்டம், குழியின் விட்டம், அகலம். இங்கே மட்டும் அளவு பொருந்தினால் போதாது, ரப்பர் வகையும் பொருந்த வேண்டும். பின்பக்க கிராங்க் சீல் போல சூடு அதிகம் உள்ள இடத்தில் சாதா நைட்ரைல் சீலைப் போட்டால் சில மாதத்தில் கருகிக் கெட்டியாகிவிடும். அங்கே வைட்டான் வகை கேளுங்கள். அதோடு உதட்டுப் பக்கம் இருக்கும் சாய்வுக் கோடுகளைப் பாருங்கள், சில சீல்கள் தண்டு சுழலும் திசைக்கு ஏற்ப வலம் இடம் என்று பிரியும்.

தெர்மோஸ்டாட்டில் திறக்கும் வெப்பநிலை பொறித்திருக்கும், 82 அல்லது 88 டிகிரி என்று. ரேடியேட்டர் மூடியில் அழுத்தம், 0.9 அல்லது 1.1 பார் என்று. வாய் பொருந்துகிறது என்று அழுத்தம் கூடின மூடியைப் போட்டால், பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்தான் முதலில் பிளக்கும். ஆயில் ஃபில்டரிலும் இதே எச்சரிக்கை. மரை ஒன்றாக இருக்கும், திருகினால் ஏறும், ஆனால் ஃபில்டர் அடைத்தால் ஆயிலை மாற்று வழியில் விடும் பைபாஸ் வால்வு எத்தனை அழுத்தத்தில் திறக்கும் என்பது வேறாக இருக்கலாம்.

கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்திருங்கள். பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஸ்பேனருக்கு அடுத்த கருவி அதுதான்.

வெள்ளைச்செடான்:

அளவுக்காரன் அண்ணா, இது எனக்கு முற்றிலும் புதிய தகவல். மிக்க நன்றி. சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்ததில் ரேடியேட்டர் கீழ் ஹோஸின் நம்பர் மாறியிருக்கிறது, புது நம்பரில் சரக்கு இருக்கிறது.

இப்போது பிரேக்தான் பெரிய குழப்பம். ஆளுக்கு ஆள் செராமிக் என்கிறார்கள், மெட்டாலிக் என்கிறார்கள். பேடின் விளிம்பில் ஏதேதோ எழுத்துகள் இருக்கின்றன. அவை எதைச் சொல்கின்றன?

ஸ்பேனர்செட்:

இரண்டு விதமான குறிகளைப் பார்க்கலாம்.

ஒன்று, வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும். இது ஐக்கிய நாடுகளின் வாகன விதி 90ன்படி சோதித்து அங்கீகரித்த பேட். மாற்றுப் பேடின் பிரேக் திறன், வண்டியோடு வந்த அசல் பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதியின் சாரம். ஈ பக்கத்தில் இருக்கும் எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும். 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். பேட் செய்யப்பட்ட நாடு என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாடலுக்கு இந்தக் குறி உள்ள பேட் கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம், அதையே வாங்குங்கள்.

இன்னொன்று அமெரிக்க முறை, விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி, ஈஎஃப் என்று முடியும் குறியீடு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில் உராய்வு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை. இது தரச் சான்று அல்ல. ஜிஜி என்பதால் எஃப்எஃப்பைவிட நல்ல பேட் என்று அர்த்தமில்லை. அசல் பேட் எஃப்எஃப் என்றால் அதற்கு ஏற்றபடிதான் முன் பின் பிரேக் சமநிலையைக் கணக்கிட்டிருப்பார்கள். முன்பக்கம் மட்டும் கடுமையாகப் பிடிக்கிற பேடைப் போட்டால் அந்தச் சமநிலை மாறும். நான் பார்ப்பது இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்குகிறதா என்பதை. இறங்கினால் மலைப்பாதையில் இறங்கும்போது, சூடான பிரேக்கில், பிடி குறையும்.

டிஸ்க்கில் "மின் டிஹெச்" என்று குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்க வேண்டும். அது இல்லாத டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்த பிறகே பேட் வைக்க வேண்டும்.

பட்டறை_சீனியர்:

அதோடு டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் இருக்கும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க் வளைந்து வந்திருக்கிறது, சரக்கு மோசம் என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே இருக்கும் துருதான் காரணம். கொஞ்சூண்டு துரு டிஸ்க்கைச் சாய்த்து உட்கார வைக்கும். ஸ்டீயரிங் நடுங்கும்.

மலர்_95:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1995 மாடல் இருக்கிறது. பிளக், ஃபில்டர் போன்ற சின்னச் சாமான்களிலேயே போலி வருகிறதே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? இணையத்தில் வாங்கிய ஒரு செட் பிளக்கில் எஞ்சின் மேட்டில் திணறியது. கழற்றிப் பார்த்தால் நான்கிலும் நடு எலெக்ட்ரோடு ஒரே உயரத்தில் இல்லை.

கவுன்டர்_ஆள்:

அக்கா, நீங்கள் பார்த்ததே சரியான அடையாளம். நல்ல கம்பெனி பிளக் நான்கை வரிசையாக நிறுத்தினால் இடைவெளி, எலெக்ட்ரோடு, பீங்கானின் எழுத்து எல்லாம் ஒன்றுபோல இருக்கும். போலியில் எழுத்து விரலால் தேய்த்தால் மங்கும், மரையில் பிசிறு இருக்கும், கேஸ்கெட் வளையம் கையாலேயே கழன்று வரும். இரிடியம் என்று எழுதி, நடுவில் தடித்த சாதாக் கம்பி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிளக் மாற்று வாங்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. சூட்டு எண். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. பாஷில் எண் கூடினால் சூடானது. ஒரு பிராண்டின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு பிராண்டில் அதே எண்ணைத் தேடக் கூடாது. ஒப்பீட்டு அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

போலி அதிகம் வருவது வேகமாக விற்கும் சாமானில்தான்: பிளக், ஃபில்டர், பேட், பேரிங், ஏர் ஃப்ளோ சென்சார், ஆக்சிஜன் சென்சார். பல பெரிய பேரிங் கம்பெனிகள் பெட்டியில் இருக்கும் குறியீட்டை ஃபோனில் ஸ்கேன் செய்து சரிபார்க்க வழி வைத்திருக்கிறார்கள். வாங்கினதும் அதைச் செய்துவிடுங்கள், பில் கையில் இருக்கும்போதே.

அளவுக்காரன்:

ஆக்சிஜன் சென்சார் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. கனெக்டர் இல்லாமல், ஒயரை நாமே இணைத்துக்கொள்ளும் பொது சென்சார் மலிவாகக் கிடைக்கும். சில வகைகள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன. ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். கொடுத்திருக்கும், அழுத்திப் பிடிக்கிற கிரிம்ப் இணைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். முடிந்தால் கனெக்டரோடு வரும் நேரடிப் பொருத்தத்தையே வாங்குங்கள்.

தூரப்பயணி:

பட்டறை சீனியர் ஐயா, ரப்பர் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் பெட்ரோல் ஹோஸ்? என் வண்டியிலும் பழைய ஹோஸ்தான். பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடிவிட்டதே, மீட்டர் கணக்கில் வாங்கும் ஹோஸ் தாங்குமா?

பட்டறை_சீனியர்:

தாங்கும், சரியான வகையைக் கேட்டு வாங்கினால். ஹோஸின் மேலேயே எழுதியிருக்கும். எஸ்ஏஈ ஜே30 என்ற அமெரிக்கத் தரத்தில் ஆர்7 என்பது கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்தத்துக்கானது. இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஆர்9 வேண்டும், எத்தனாலையும் அது நன்றாகத் தாங்கும். டேங்குக்கு உள்ளே, பெட்ரோலில் மூழ்கி நிற்கும் துண்டுக்கு ஆர்10. உள்ளே போடும் துண்டுக்கு ஆர்9ஐப் போடாதீர்கள், அதன் வெளித்தோல் மூழ்கிக் கிடப்பதற்குச் செய்ததல்ல. எழுத்தே இல்லாத கறுப்பு ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இது தீப்பிடிக்கும் விஷயம்.

ரப்பரில் இன்னொரு குழப்பம் நிறைய நடக்கிறது. கூலன்ட் ஹோஸும் பிரேக் சீலும் இபிடிஎம் என்ற ரப்பர். அது தண்ணீரையும் பிரேக் ஆயிலையும் தாங்கும், எஞ்சின் ஆயில் பட்டால் உப்பிவிடும். பிரேக் சிலிண்டர் ரப்பருக்கு வழுக்கலாக இருக்கட்டும் என்று எஞ்சின் ஆயிலோ சாதா கிரீஸோ தடவி ஏற்றுகிற கைகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த பிராண்ட் கிட் வாங்கினாலும் அது கெட்டுத்தான் போகும். வால்வு கவரில் ஆயில் கசிந்து கீழே ஹோஸ் மேல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். கசிவை நிறுத்தாமல் ஹோஸை மட்டும் மாற்றுவது வீண்.

மலர்_95:

என் மாடலுக்கு ஆஃப்டர்மார்க்கெட்டும் வருவது நின்றுவிட்டது. எனவே நான் மூன்று வழிகளில் ஓட்டுகிறேன், வெள்ளைச்செடானுக்கும் சில வருடத்தில் இது தேவைப்படும்.

முதலாவது, பழையதையே புதுப்பிப்பது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பிரேக் காலிப்பர், ஸ்டீயரிங் ராக் இவை மேல்கூடு கெடாத பாகங்கள். உள்ளே பிரஷ், பேரிங், சீல் மாற்றினால் போதும். பெயர் தெரியாத புது ஆல்டர்னேட்டரைவிட, நல்ல கையால் புதுப்பித்த அசல் ஆல்டர்னேட்டர் எனக்கு நம்பிக்கை. அதனால் பழைய பாகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுப்பித்ததை விற்பவர்களே பழையதைத் திருப்பித் தந்தால் விலையில் கழிப்பார்கள்.

இரண்டாவது, உடைத்து விற்கும் யார்டு. கதவு, கண்ணாடி, சுவிட்ச், கீல், மீட்டர் கிளஸ்டர், டிரிம் எல்லாம் அங்கேதான். பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றை அங்கே தொடவே மாட்டேன். ஏர்பேக்கில் போலிப் புதுசும் உண்டு. 2012ல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறையே போலி ஏர்பேக் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது, சோதனையில் சில விரியவே இல்லை, சிலவற்றிலிருந்து உலோகத் துண்டுகள் பறந்தன.

மூன்றாவது, கார் கம்பெனியே மறுபடி செய்தால் பிடித்துக்கொள்வது. மாஸ்தா முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கும், நிசான் ஆர்32 ஸ்கைலைன் ஜிடிஆருக்கும், டொயோட்டா பழைய சூப்ராவுக்கும் நிறுத்திய பாகங்களைத் திரும்பச் செய்தார்கள். இதெல்லாம் ரசிகர் கூட்டம் உள்ள கார்கள். நம் சாதாரணக் குடும்பச் செடானுக்கு அந்தப் பாக்கியம் எளிதில் கிடைக்காது, அதுதான் வருத்தம். அவற்றைவிட அக்கறையோடு பேணப்பட்ட எத்தனையோ எளிய கார்கள் ஒரு சுவிட்ச் கிடைக்காமல் ஓரங்கட்டப்படுகின்றன.

பட்டறை_சீனியர்:

மலரம்மா சொன்னது அனைத்தும் உண்மை.

செடான் தம்பிக்கு நான் ஒரு கணக்கு சொல்கிறேன், பிராண்ட் பட்டியலைவிட இது உதவும். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது போனால் என்ன ஆகும்? இதைத் திரும்பக் கழற்ற எவ்வளவு வேலை?

டைமிங் பெல்ட் அறுந்தால், உங்கள் எஞ்சின் பிஸ்டனும் வால்வும் மோதுகிற வகையாக இருந்தால், வால்வுகள் வளைந்து ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். கம்பெனி பெல்ட் கிடைக்கிறது என்கிறீர்கள், நல்லது. ஆனால் பெல்ட் மட்டும் போதாது. டென்ஷனர், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லி, பெல்ட்டால் சுற்றுகிற வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். பெல்ட் அறுவதைவிட டென்ஷனர் பேரிங் இறுகிப் பெல்ட்டைத் தின்பதை நான் அதிகம் பார்க்கிறேன். கேட்ஸ், ஐஎன்ஏ, ஐசின், கான்டினென்டல் இவர்கள் முழு கிட்டாகவே விற்கிறார்கள். கிளட்சும் இதே வகைதான். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு ரிலீஸ் பேரிங்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மறுபக்கம், வைப்பர் பிளேடு, கேபின் ஃபில்டர், கதவு ஓர ரப்பர், பம்பர் கிளிப். போனால் நின்ற இடத்தில் மாற்றலாம். இதில் மலிவானதை வாங்கிப் பார்ப்பதில் தப்பே இல்லை. பாடி பேனல் ஆஃப்டர்மார்க்கெட்டில் வாங்கினால் பெயின்ட் அடிக்கும் முன் வண்டியில் வைத்து இடைவெளி பாருங்கள், அடித்த பிறகு யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

உங்கள் மெக்கானிக் கியாரண்டி கொடுக்க மறுப்பதைத் தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் கொண்டுவந்த பாகம் ஒரு மாதத்தில் போனால், இரண்டாவது முறை கழற்றி மாட்டும் கூலியை யார் தருவது என்பதுதான் அவர் பயம். அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாகம் போனால் கூலி என்னுடையது, மாட்டியதில் பிழை இருந்தால் உங்களுடையது என்று. எந்த நல்ல மெக்கானிக்கும் ஒப்புக்கொள்வார்.

வெள்ளைச்செடான்:

ஐயா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இப்போதைய முடிவு இது. பெல்ட் முழு கிட், வாட்டர் பம்ப் சேர்த்து. பிரேக் பேட் 90ஆர் குறி உள்ளது கிடைத்துவிட்டது, டிஸ்க்கும் அதே கம்பெனி. வீல் பேரிங் என் வண்டிக்கு முதலில் வந்தது ஜப்பான் கம்பெனி என்று பழைய பேரிங்கின் எழுத்திலிருந்தே தெரிந்தது, அதையே அவர்கள் பெட்டியில் ஆர்டர் போட்டேன். மெக்கானிக்கிடமும் பேசிவிட்டேன்.

லோயர் ஆர்ம் மட்டும் பாக்கி. முழு ஆர்ம் வாங்கவா, பழைய ஆர்மில் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் மட்டும் மாற்றவா? பாலியூரித்தேன் புஷ் போடு, ஆயுசுக்கும் போகாது என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

கவுன்டர்_ஆள்:

பழைய ஆர்ம் வளையாமல், துருவில்லாமல் இருந்தால் அதில் நல்ல புஷ்ஷும் நல்ல பால் ஜாயின்ட்டும் போடுவதே என் ஓட்டு. பெட்டி பிராண்ட் ஆர்மில் எடை குறைவு, புஷ் ரப்பரும் மட்டம். பின்பக்க புஷ் உள்ளே திரவம் நிரப்பிய வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் மலிவு ஆர்மில் அதற்குப் பதிலாக வெறும் ரப்பரை வைத்திருப்பார்கள், ஸ்டீயரிங்கில் அதிர்வு வரும்.

பாலியூரித்தேன் நீடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பரைவிடக் கெட்டி. ரோட்டில் உள்ளதெல்லாம் உள்ளே கேட்கும், சரியான கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும். வேகமாக வளைவெடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது. அமைதியான குடும்ப வண்டிக்கு ரப்பரே நல்லது.

பட்டறை_சீனியர்:

சரக்கு வந்ததும் மாட்டுகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள் தம்பி. நல்ல பாகமும் இந்த இரண்டில்தான் வீணாகிறது.

லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். லேசாகப் பிடித்துவிட்டு, வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

வீல் பேரிங்கில், ஏபிஎஸ் வண்டியாக இருந்தால், ஒரு பக்க மூடியில் காந்த வளையம் இருக்கலாம். இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். திருப்பிப் போட்டால் பேரிங் நன்றாகச் சுற்றும், ஏபிஎஸ் விளக்கு அணையாது. அழுத்தி ஏற்றிய பேரிங்கைத் திரும்ப எடுத்தால் அதோடு கெட்டது. பேரிங் கம்பெனிகளே இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை அட்டை கொடுக்கின்றன. அது இல்லாவிட்டால் சின்ன இரும்புத் துகளைக் காகிதத்தின் மேல் வைத்து மூடியின் மேல் நகர்த்தினால் காந்தப் பக்கம் இழுக்கும். துகள் பேரிங்குக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தப் பக்கம் சென்சார் இருக்கும் பக்கமாக, அதாவது பெரும்பாலும் உட்பக்கமாக வர வேண்டும்.

வெள்ளைச்செடான்:

குறித்துக்கொண்டேன் ஐயா. பேரிங் வந்துவிட்டது, பெட்டிக் குறியீட்டை ஸ்கேன் செய்தேன், சரி என்று காட்டியது. காகிதம் வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் தெளிவாக இழுக்கிறது. அந்தப் பக்கத்தில் மார்க்கரால் "உள்ளே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.